கூட வருகிறவர்கள்

பெருந்துறை ரோட்டு மைதானத்தில் தை மாதந்தோறும் நடக்கிற கார் கண்காட்சிக்கு அந்த வருஷம் வந்திறங்கிய புதுக் கார்கள் எல்லாவற்றிலும், பின்சீட்டில், இடதுபக்க ஜன்னலோரமாக, யாராவது ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஒன்றில் கிழவர், ஒன்றில் கல்லூரிக்குப் போகிற பெண், சாம்பல் நிறக் கார் ஒன்றில் சமையற்காரர் போல இடுப்பில் துண்டு கட்டிய ஆள். எல்லாரும் பஸ்ஸில் நெடுந்தூரம் போகிறவர்களைப் போல வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டும், வியர்வையைத் துடைத்துக்கொண்டும், சில நேரம் கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டும் இருந்தார்கள். பேசினால் பதில் இல்லை, கையைப் பிடித்து இறக்கப் போனால் சீட்டுத் துணிதான் கையில் பட்டது. கம்பெனிக்காரர்கள் கூட்டிவந்த ஆட்கள் என்று ஜனங்களும், ஜனங்களில் யாரோ ஏறிக்கொண்டார்கள் என்று கம்பெனிக்காரர்களும் நினைத்தபடியே முதல் நாள் கழிந்தது.

மஞ்சள் மண்டி நல்லசிவமும் முதல் நாளே போயிருந்தார். ஈரோட்டில் கார் வாங்க நினைக்கிற எவரும் ஜோசியரைப் பார்ப்பதற்கு முன்னால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது வழக்கம். அப்பா விட்டுப்போன மண்டி, சொன்னதைச் செய்கிற மனைவி என்று ஊரார் நினைத்திருந்த, உண்மையில் அவரை நடத்திக்கொண்டிருந்த கோகிலா, பெங்களூரில் வேலை பார்க்கிற ஒரே மகன் நவநீதன், இவை போக மிச்சமிருந்த ஆசை முழுவதையும் அவர் கார்களின்மேல் வைத்திருந்தார். புதுக் காரைப் பார்த்தால் முதலில் ஒரு சுற்று சுற்றி வருவார், கதவைத் திறந்து மெல்லச் சாத்தி அந்தச் சத்தத்தைக் கண்ணை மூடிக் கேட்பார், ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார். அதற்குப் பிறகு அவர் வாயிலிருந்து வருவதுதான் அந்த வண்டிக்கு ஊர் வைக்கிற பேர்.

கடைசி நாள் சாயங்காலம் வழக்கம்போல அவரை மேடைக்குக் கூப்பிட்டு மைக்கைக் கொடுத்தார்கள்.

"எல்லாத்தையும் கண்ணாடிப் பலகைக்குள்ள கொண்டுபோய் வெச்சுட்டானுங்க," என்றார் நல்லசிவம். "ஏசியக் கூட்டறதுக்கு ரோட்டுல இருந்து கண்ண எடுக்கோணும். எடை கொறைச்சாத்தான் மைலேஜுன்னு தகரத்த அப்பளமாத் தட்டி வெச்சிருக்கறானுங்க. அந்த வெள்ளை வண்டி பரவாயில்ல. ஸ்டியரிங்கு கைக்குப் பேசுது."

"பின்னாடி உக்காந்திருக்கறவங்களப் பத்திச் சொல்லுங்கண்ணா," என்று கூட்டத்திலிருந்து ஒருவர் கத்தினார்.

"நான் வண்டியப் பத்தித்தான் சொல்லுவேன். ஏறி உக்காந்தவங்களப் பத்தி எனக்கென்ன தெரியும்?"

அந்த வெள்ளைக் காரை அவர் சொன்னதைக் கேட்டு ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் வாங்கினார். அதன் பின்சீட்டில் பச்சைத் துண்டு போட்ட கிழவர் இருந்தார். மாசி மாதம் சித்தோடு திருப்பத்தில், பால்கேனோடு சைக்கிளில் குறுக்கே வந்த ஒருவரை அந்தக் கார் தூக்கிப் போட்டது. ஓடிப்போய்க் குப்புறக் கிடந்தவரைப் புரட்டிப் பார்த்தால் அதே பச்சைத் துண்டு, அதே முகம், கடைக்காரர் அலறிக்கொண்டு திரும்பிப் பார்த்தால் பின்சீட்டு காலியாக இருந்தது, உட்கார்ந்த பள்ளம் மட்டும் மெத்தையில் மெல்ல மேலெழும்பிக்கொண்டிருந்தது. பிறகு பவானி ரோட்டில் கல்லூரிப் பெண், பிறகு ரயில்வே பாலத்துக்குக் கீழே சமையற்காரர். எந்தக் கார் யாரைக் கொல்லப்போகிறதோ அவரை ஏற்றிக்கொண்டுதான் கம்பெனியிலிருந்தே வருகிறது என்பது சித்திரை பிறப்பதற்குள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

தெரிந்தபின் ஊர் பயந்தது, பயந்தபின் பேசியது, பேசிப் பேசிப் பழகிக்கொண்டது. இதற்கெல்லாம் செக்ஷன் கிடையாது என்று போலீசில் சொன்னார்கள். டிக்கெட்டும் பெல்ட்டும் வேண்டாதவரைப் பயணியாகக் கணக்கில் எடுக்க முடியாது என்று ஆர்.டி.ஓ. ஆபீசில் சொன்னார்கள். ஷோரூம்களில் பின்சீட்டு ஜன்னலுக்குச் சின்னதாகப் பட்டுத்திரை தொங்கவிட்டார்கள். வாங்க வருகிறவர்கள் பெண் பார்க்கிற மாதிரி திரையை விலக்கி ஒரு தடவை முகத்தைப் பார்த்துவிட்டு, "நம்ம ஆளுங்க இல்ல," என்று சொல்லிப் பணம் கட்டினார்கள். வயசானவராக இருந்தால் நல்லது, பாவம் கொஞ்சம் குறைவு என்றார்கள். பிள்ளையார் கோவில் குருக்கள் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து ஸ்டியரிங்குக்குச் சந்தனம் இட்டு, பின்சீட்டுப் பக்கமும் ரெண்டு சொட்டுத் தீர்த்தம் தெளித்தார். கூட வருகிறவர்கள் என்று அவர்களுக்குப் பேர் வந்தது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் அவர்கள் மடியில் பையை வைத்துக்கொண்டன. பையன் ஒருவன் காருக்குள் தன்னையே பார்த்து நெடுநேரம் நின்று, செல்போனில் படம் பிடித்துக்கொண்டு, கலர் பிடித்துப்போய்விட்டது என்று அதே காரை வாங்கிப் போனான். செத்தவர் வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போகிற கார்க்காரர்கள், "எங்க வண்டியில ரொம்ப நாளா அமைதியா வந்தாருங்க, ஒரு தொந்தரவில்லைங்க," என்று சொல்லி அழுதார்கள், அது பொய்யழுகை என்றும் சொல்ல முடியாது.

அடுத்த தை மாதம் கண்காட்சிக்குக் கார் வாங்கப் போகிறவர்களைவிட, தங்கள் வீட்டு முகம் எந்தக் காரிலாவது இருக்கிறதா என்று தேடிப் போனவர்கள் அதிகம். பாவாயியும் அப்படித்தான் போனாள். நூல்மில்லில் கூட்டிப் பெருக்குகிறவள். வரிசையாகக் கார்களைப் பார்த்துக்கொண்டே போய், காப்பிக்கொட்டை நிறத்தில் பளபளத்த புது மாடல் ஒன்றின் பக்கத்தில் அப்படியே நின்றுவிட்டாள். அந்தக் காரின் முன்சீட்டில் நல்லசிவம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

அவர் அப்போது சந்தோஷமாக இருந்தார். கதவைச் சாத்தியபோது பஞ்சு மூட்டையை மெத்தைமேல் இறக்கியது போன்ற சத்தம் கேட்டது. வாலிபத்திலிருந்து அவர் மனதில் ஒரு கதவு சாத்திக்கொண்டிருந்த சத்தம் அதுதான். சுற்றிலும் தடையில்லாமல் கண் போயிற்று. பொத்தான்கள் கை தேடிப்போகிற இடத்தில் இருந்தன. இப்படி ஒரு வண்டியைச் செய்தவன் எவனோ அவன் நன்றாக இருக்கட்டும் என்று நினைத்தபடி கண்ணைத் திறந்தால், கண்ணாடிக்கு அப்பால் ஒரு பொம்பளை வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள்.

"என்னம்மா?" என்று இறங்கினார்.

"உள்ள இருக்கறது எம் புள்ளைங்க சாமி. செவந்தி. பனியன் கம்பெனிக்குப் போறா. இப்பக்கூட கம்பெனியிலதானுங்க இருக்கறா, போன் பண்ணிக் கேட்டுட்டனுங்க."

நல்லசிவம் திரும்பிப் பார்த்தார். கழுத்தில் கம்பெனி அட்டை தொங்க, மடியில் சாப்பாட்டுப் பையோடு, மெலிந்த பெண் ஒன்று கண்ணாடியில் தலை சாய்த்திருந்தது. இவ்வளவு நேரம் அவர் அதைப் பார்க்கவே இல்லை.

"நான் என்னம்மா பண்ண முடியும்?"

"நீங்க நல்லா இல்லைன்னு ஒரு வார்த்தை சொன்னா ஒருத்தரும் வாங்க மாட்டாங்கன்னு கேட்டுல இருக்கறவரு சொன்னாருங்க."

"நான் வண்டியப் பத்தி இதுவரைக்கும் ஒரு பொய் சொன்னதில்லம்மா."

"நானும் இதுவரைக்கும் யாருகிட்டயும் ஒண்ணும் கேட்டதில்லீங்க," என்றாள் பாவாயி.

அன்று சாயங்காலம் மைக்கைக் கையில் வாங்கியபோது நல்லசிவம் தண்ணீர் கேட்டுக் குடித்தார். "அந்தக் காப்பிக் கலரு வண்டிய நம்பி ஏறாதீங்க," என்றார். "பிரேக்கு ஒரு பக்கமா இழுக்குது. வேகத்துல பின்பக்கம் ஆடும். பாக்கறதுக்குத்தான் லட்சணம்." கூட்டம் தலையாட்டியது. அந்தக் கம்பெனிக்காரர்கள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் அந்தக் காரைத் தடவிக்கொடுத்ததை அவர்கள் பார்த்திருந்தார்கள். அந்த மாடலை ஈரோட்டில் ஒருவரும் வாங்கவில்லை. மைதானத்தில் நின்ற அந்த ஒரு காரையும் லாரியில் ஏற்றி வேறு ஊருக்கு அனுப்பிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு, பாவாயி முருங்கைக்காய்க் கட்டோடு மண்டிக்கு வந்து வைத்துவிட்டுப் போனாள்.

சேதி பரவியது. மறுநாளிலிருந்து மண்டி வாசலில் ஜனங்கள் காத்திருந்தார்கள். ஒருத்திக்குப் புருஷன், ஒருத்தருக்குத் தம்பி, காதுகேளாத கிழவி ஒருத்திக்குத் தானே. எல்லாரும் ஏதாவது ஒரு ஷோரூமில் ஏதாவது ஒரு காரில் தங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். நல்லசிவத்தால் ஒருத்தருக்குச் சொல்லிவிட்டு இன்னொருத்தருக்கு மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. இந்த வண்டி கியர் சரியில்லை, அந்த வண்டி சூடாகும், இன்னொன்று மழையில் நின்றுவிடும் என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் ஊரில் நல்ல வண்டி என்று ஒன்றுகூட இல்லாமல் போனது. எல்லாமே மோசம் என்றால் எதை வாங்கினால் என்ன என்று ஜனங்கள் வாங்க ஆரம்பித்தார்கள். அண்ணனுக்குக் காது மந்தமாகிவிட்டது, கதவுச் சத்தம் கேட்பதில்லை என்று பேசிக்கொண்டார்கள். அதற்கடுத்த கண்காட்சியில் மைக்கை வேறு யாரிடமோ கொடுத்தார்கள். அந்தக் காப்பிக் கலர் கார் போக அவர் விலக்கிவைத்தவை எல்லாம் வீதிக்கு வந்தன, அவற்றில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக ரோட்டில் அடிபட்டு இறங்கிப்போனார்கள்.

அந்த ஆவணியில் அவருக்கு அறுபது பூர்த்தியானது. மாலையும் கழுத்துமாக அவரும் கோகிலாவும் மண்டபத்திலிருந்து வீட்டுக்கு வந்தபோது வாசலில் காப்பிக்கொட்டை நிறக் கார் நின்றிருந்தது. நவநீதன் சாவியைத் தட்டில் வைத்து நீட்டினான்.

"மேடையில நீங்க பேசின வீடியோவப் பாத்தேன்ப்பா. அதுக்கு முன்னாடி அந்த வண்டிய நீங்க எப்படிச் சுத்தி வந்தீங்கன்னும் அதுலயே இருந்துச்சு. சின்னப் புள்ளையிலிருந்து உங்க மொகத்தப் பாத்து வளர்ந்தவனுக்குத் தெரியாதா? ஈரோட்டுல விக்காத வண்டின்னு பெங்களூர்ல குடுத்தாங்க. பழசக் குடுத்துட்டு இத வெச்சுக்குங்க."

நல்லசிவம் பின் ஜன்னல் வழியாகப் பார்த்தார்.

"ஒரு பொண்ணு இருக்கு, பாத்துட்டேன்," என்றான் நவநீதன். "நம்ம சொந்தத்துல யாரும் இல்ல."

நல்லசிவம் சாவியை வாங்கிக்கொண்டார். நல்ல நாள் பார்க்க வேண்டும் என்று சொல்லி மகனை ஊருக்கு அனுப்பிவிட்டு, பழைய காரை அவன் சொன்னபடி விற்றார், புதுக் காரைப் போர்டிகோவில் விட்டு வாசல் கேட்டைப் பூட்டினார். வெள்ளிக்கிழமைதோறும் என்ஜினை மட்டும் ஸ்டார்ட் செய்து, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அது ஓடுகிற சத்தத்தைக் கேட்பார். அவரால் முடிந்த சந்தோஷம் அவ்வளவுதான். கோகிலாவுக்கு விஷயம் தெரிந்தபோது, "நம்ம ஊட்டுக்குள்ளயே இருந்தா அவளுக்கு ஒண்ணும் ஆகாதில்லீங்க, இருந்துட்டுப் போகட்டும்," என்று சொல்லி, கண்ணாடியைத் துடைக்கிறபோது உள்ளே இருந்தவளிடம் குழம்பு வைத்த கதை, மருமகள் பார்க்கிற கதை எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பாவாயி வந்து நின்று பார்த்துவிட்டுப் போவாள். ஒரு தடவை செவந்தியே வந்தாள். தன்னைத்தானே ஜன்னலில் பார்த்து, "நான் என்னங்க இவ்வளவு எளைச்சா இருக்கறேன்?" என்று கேட்டுச் சிரித்தாள், சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுதாள். கோகிலா அவளை உள்ளே கூட்டிப்போய்த் தட்டு வைத்துச் சோறு போட்டாள்.

பங்குனி மாதத்து உச்சிவெயிலில், புளி ஆய்ந்துகொண்டிருந்த கோகிலா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாள். போன் செய்தால், ஆம்புலன்ஸ் பைபாஸில் விபத்துக்குப் போயிருக்கிறது, வர நேரமாகும் என்றார்கள். பக்கத்து வீட்டுக் கார்கள் கல்யாணத்துக்குப் போயிருந்தன. தெருமுனையில் ஒரு ஆட்டோகூட இல்லை. நல்லசிவம் அவளைத் தூக்கிவந்து முன்சீட்டில் படுக்கவைத்து, பூட்டை எடுத்துக் கேட்டைத் திறந்தார்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற ரோடு பனியன் கம்பெனி பஸ் நிற்கிற இடத்தைத் தாண்டித்தான் போகிறது. அது ஷிஃப்டு மாறுகிற நேரம். கழுத்தில் அட்டையும் கையில் சாப்பாட்டுப் பையுமாகப் பெண்பிள்ளைகள் கும்பல் கும்பலாகக் குறுக்கே போனார்கள். ஒருத்தி போனால் இன்னொருத்தி, எல்லாரும் மெலிந்திருந்தார்கள், எல்லாரும் செவந்தியாக இருந்தார்கள். நல்லசிவம் நடக்கிற வேகத்தில் காரை உருட்டினார். பின்னாலிருந்து லாரிகள் ஹாரன் அடித்தன.

"கொஞ்சம் அழுத்துங்களே," என்றாள் கோகிலா. "நெஞ்சு மேல கல்லத் தூக்கி வெச்ச மாதிரி இருக்குது."

"இந்தப் புள்ளைங்க போயிரட்டும் கோகிலா. போயிரட்டும்."

கோகிலா சிரமப்பட்டுத் தலையைத் திருப்பிப் பின்சீட்டைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"நான் யாருங்க உங்களுக்கு?"

அவர் கால் பிரேக்கின் மேலேயே இருந்தது. பூப்போலக் கால் வைத்தாலே வண்டி எவ்வளவு அழகாக நிற்கிறது என்று மனதின் ஒரு மூலை அப்போதும் சொல்லிக்கொண்டது. அதற்காக அவர் தன்னை மன்னிக்கவே இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் இறக்கியபோது அவள் கை குளிர்ந்திருந்தது. "கொஞ்சம் முன்னாடி கொண்டாந்திருக்கலாம்," என்றார் டாக்டர். காரில் அந்தப் பெண் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

எழவு வீட்டுக்கு வந்த பாவாயியும் செவந்தியும் கேட்டைத் தாண்டி உள்ளே வராமல் வெளியிலேயே நின்று அழுதார்கள். அவர்கள் யார் என்று நவநீதன் விசாரித்தான், யாரோ சொன்னார்கள். கருமாதி முடிகிறவரை பொறுத்திருந்துவிட்டு அப்பாவிடம் வந்தான்.

"அந்தப் பொண்ணு நமக்கு யாருப்பா?"

"யாருமில்ல."

"அப்புறம்?"

"அவ மொகம் தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சதுக்கப்புறம் எப்படி அழுத்தச் சொல்ற?"

"அம்மா மொகமும் தெரியுமில்லப்பா."

நவநீதன் அன்று மத்தியானமே பஸ்ஸில் ஊருக்குப் போனான். அதன்பிறகு அவன் பேசவில்லை.

நல்லசிவம் காரைப் பழைய இரும்புக்கடைக்கு ஓட்டிப்போனார், நடக்கிற வேகத்தில், போகிற வழியெல்லாம் ஹாரன் வாங்கிக்கொண்டு. உடைக்கச் சொன்னதும் ஆட்கள் பின்வாங்கினார்கள். "புது வண்டிங்க, மனசு வரலைங்க," என்றார்கள். சம்மட்டியை வாங்கி முதல் அடியை அவரே போட்டார். அவர் கண்ணை மூடிக் கேட்ட கதவு, கைக்குப் பொருந்திய ஸ்டியரிங், ஒவ்வொன்றாகப் போனது. கடைசியில் என்ஜினை வெளியே இழுத்துப் போட்டு உடைத்தபோது, எலும்புக்கூடாக நின்ற காரிலிருந்து அந்தப் பெண் எழுந்தாள். பையைத் தோளில் மாட்டினாள், அட்டையைச் சரிசெய்தாள், இறங்கி, எண்ணெய்க் கறை படிந்த மண்ணில் கால் பார்த்து வைத்து, வெயிலில் பஸ் ஸ்டாண்டு பக்கமாக நடந்து போனாள். போகப் போக அவள் நிழல் தெரிந்தது, பிறகு நிழல் மட்டும் தெரிந்தது, பிறகு அதுவும் இல்லை.

ஊரில் சில நாள் இதைப் பற்றித்தான் பேச்சு. காரை உடைத்தால் ஆள் உயிரோடு இறங்கிப் போய்விடுகிறாராமே என்று டீக்கடையில் ஒருவர் சொன்னால், அதற்காக வாங்கின காரை உடைக்க முடியுமா என்று இன்னொருவர் கேட்டார். முடியாது என்பதை எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். அந்த ஆயுத பூஜைக்கு எந்த வருஷமும் இல்லாத அளவுக்குக் கார் விற்றது.

செவந்திக்குக் கல்யாணமானது. மாப்பிள்ளை திருப்பூரில் தையல் யூனிட் வைத்து மேலே வந்தவன். சில வருஷம் கழித்து ஒரு காலையில், பெயின்ட் உரிந்த நல்லசிவத்தின் வீட்டு வாசலில் மயில்நீலப் புதுக் கார் வந்து நின்றது. முன்சீட்டில் மாமியார் இருந்தார். செவந்தி பூவும் பட்டுச்சேலையுமாக இறங்கி வந்து ஸ்வீட் பாக்ஸை நீட்டி, காலைத் தொட்டுக் கும்பிட்டாள். சதை போட்டு நன்றாக இருந்தாள்.

"உங்ககிட்ட காட்டாம மொத மொத எங்கயும் ஓட்டக்கூடாதுன்னு எங்கூட்டுக்காரருகிட்ட சொல்லிட்டனுங்கய்யா. எப்படி இருக்குதுன்னு பாத்துச் சொல்லுங்க."

அவர் காரைச் சுற்றி வந்தார். கால் தாங்கித் தாங்கி நடந்தார். பின் ஜன்னலருகே நின்றார். உள்ளே மெலிந்த இளம்பெண் ஒருத்தி கைக்குழந்தையை மடியில் போட்டு, வெயில் படாமல் முந்தானையால் அதன் முகத்தை மூடியிருந்தாள். அதன் கால்கள் மட்டும் வெளியே நீண்டிருந்தன.

"யாருன்னு பாத்தியாம்மா?"

"பாத்தனுங்க. நம்ம பக்கம் இல்லீங்க. யாரோ வெளியூருங்க."

நல்லசிவம் செவந்தியின் முகத்தைப் பார்த்தார். அதில் கள்ளமே இல்லை.

"பிரேக்கு ஒரு பக்கமா இழுக்குதும்மா," என்றார். "வாங்கின எடத்துலயே திருப்பிக் குடுத்துரு. இல்லீன்னா ஒடச்சுப் போடு."

டிரைவர் சீட்டிலிருந்த புருஷன் சிரித்தான். "நான்தான் சொன்னனில்ல, ஐயா எல்லா வண்டிக்கும் இதத்தான் சொல்லுவாருன்னு."

செவந்தியும் சிரித்தாள். வெயில் ஏறுவதற்குள் பண்ணாரி அம்மன் கோவிலுக்குப் போய்ப் பூஜை போட வேண்டும் என்றாள். பின்கதவைத் திறந்து, சேலையை ஒதுக்கிப் பிடித்து, குழந்தையின் கால் நசுங்கிவிடாமல் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டு, கதவைச் சாத்தினாள்.